பதிமூன்று வரிக்கு நான்கு மணி நேரம்

எங்கள் முதல் கூட்டம், ஒருவர் பைக்கை உதைத்துக் கிளப்பிக்கொண்டு போனதோடு முடிந்தது. பாளையங்கோட்டையில் எங்கள் வீட்டு மொட்டை மாடி, பதினான்கு பேர், வாடகைக்கு எடுத்த பிளாஸ்டிக் நாற்காலிகள். தலைப்பு ‘வாழ்க்கைக்கு அர்த்தம் உண்டா?’ எல்லோரையும் கூப்பிட்டவளும் நான், அந்தத் தலைப்பை வைத்த புண்ணியவதியும் நான்.

மூன்று மணி நேரம் பேசினோம். முதலில் ஆரம்பித்தவர் நாற்பது நிமிடம் எடுத்துக்கொண்டார். அடுத்தவர் அவர் சொன்ன எதையும் தொடாமல், தான் வீட்டிலிருந்தே தயாரித்து வந்ததை ஒப்பித்தார். மூன்றாமவர் ஐரோப்பியத் தத்துவவாதிகளின் பெயர்களை வரிசையாக அடுக்கினார். கேட்டவர்கள் தலையாட்டினோம், தெரியாது என்று சொல்ல யாருக்கும் மனசு வரவில்லை. அப்புறம் பேச்சு எப்படியோ தேர்தலுக்குப் போய், அங்கிருந்து ஒரு நடிகருக்குப் போய், “நீங்க மொதல்ல படிச்சிட்டு வாங்க” என்று ஒருவர் இன்னொருவரிடம் சொல்லிவிட்டார். அந்த இன்னொருவர்தான் பைக்கில் போனவர். திரும்ப வரவேயில்லை.

நாற்காலிகளை அடுக்க என்னோடு நின்றவர் ஓய்வுபெற்ற தமிழாசிரியர். எங்கள் தெருவில் எல்லோருக்கும் அவர் ‘சார்’தான். “தலைப்ப வச்சா பேச்சாளருதான் வருவாக, தாயி” என்றார். “நடுவுல ஒரு பாட்ட வச்சுப் பாரு. ஒரே ஒரு பாட்டு.”

திருநெல்வேலிக்காரர்களுக்கு இது புதுச் சங்கதியும் இல்லை. வண்ணாரப்பேட்டையில் ரசிகமணி டி.கே.சி. வீட்டில் 1920களில் தொடங்கிய வட்டத்தொட்டி என்ற இலக்கியக் கூட்டம் இந்த வகையைச் சேர்ந்ததுதான். ஒரு கம்பன் பாட்டை எடுத்தால் அதையே திரும்பத் திரும்பச் சொல்லி, நிறுத்தி, ரசித்து, மறுபடி சொல்லி, கேட்கிறவர்களையும் அதற்குள் இழுத்துப் போடுவார் என்று பெரியவர்கள் சொல்லக் கேட்டிருக்கிறோம். நமக்கு டி.கே.சி. கிடைக்க மாட்டார். பாட்டு கிடைக்குமே.

நம் ஊரில் வளர்ந்தவர்களுக்குக் கூடிப் பேசுவது என்றாலே பட்டிமன்றம்தான் மனசில் இருக்கிறது. இரண்டு அணி, ஒரு நடுவர், கடைசியில் தீர்ப்பு, நடுவில் கைத்தட்டலுக்காக ஒரு ஜோக். பட்டிமன்றம் எனக்குப் பிடிக்கும், பொங்கலுக்கு உட்கார்ந்து பார்க்கிறவள்தான். ஆனால் ஆறு பேர் உட்கார்ந்து ஒன்றை யோசிக்கும்போதும் நாம் நமக்கே தெரியாமல் அணி பிரிந்துவிடுகிறோம். அந்தப் பழக்கம் போக எங்களுக்கு ஒரு வருஷத்துக்கு மேல் ஆனது.

இரண்டாவது கூட்டத்திலிருந்து ஆறு பேர். சார், வக்கீல் அண்ணாச்சி ஒருவர், ஒரு மருத்துவமனையில் நர்ஸாக இருக்கும் தங்கச்சி, ஆற்றோரம் டூவீலர் பட்டறை வைத்திருக்கும் மெக்கானிக் அண்ணன், குரூப் 2 தேர்வுக்குப் படித்துக்கொண்டிருக்கும் ஒரு தம்பி, நான். ஏழாவதாக சாரின் மனைவி, எங்களுக்கு ஆச்சி. “எனக்கு இதெல்லாம் வெளங்காது” என்று சொல்லிவிட்டுச் சுவரோரம் உட்கார்ந்து முருங்கைக்கீரை ஆய்வார்கள். ஏழு பேருக்கு மேல் போனால் பேச்சு கூட்டமாக மாறிவிடுகிறது என்பது எங்கள் அனுபவம். நாலுக்குக் கீழே போனால் யாராவது ஒருவருக்கு வாய் வலிக்கிறது. மாதத்தில் இரண்டாவது ஞாயிறு, சாயங்காலம் 4 மணி.

செய்முறை என்று பெரிதாக ஒன்றும் இல்லை. ஒரு தாளில் அடங்குகிற பாடம் மட்டும்தான் எடுப்போம். பாட்டைப் பெரிய எழுத்தில் அச்செடுத்து ஆளுக்கொன்று கொடுப்பேன், ஒரு பக்கம் மூலத்தில் உள்ளபடி, மறுபக்கம் சந்தி பிரித்து. ஒவ்வொருவரும் ஒருமுறை வாய்விட்டு வாசிக்க வேண்டும். ஆறு பேர் வாசித்தால் ஆறு இடத்தில் மூச்சு வாங்குவார்கள். யார் எங்கே நிறுத்துகிறார்கள் என்று கவனித்தாலே பாதிப் பேச்சு பிறந்துவிடும். முதல் அரை மணி நேரம் சொல்லுக்குப் பொருள் மட்டும், கருத்து கூடாது. அகராதி பார்க்க ஒருவர் கையில் மட்டும் போன், மற்றதெல்லாம் ஆச்சியின் கீரைக்கூடைக்குப் பக்கத்தில் இருக்கும் காலிக் கூடையில். தாளில் இல்லாத நூலை மேற்கோள் காட்டுவது காபிக்குப் பிறகுதான். இந்தக் கடைசி விதிக்கு அண்ணாச்சி ஆறு மாதம் முனகினார்.

2023 டிசம்பர் 17, 18 தேதிகளை எங்கள் பக்கத்தில் யாரும் மறக்க மாட்டார்கள். காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் அளவுக்கு மழை கொட்டியது. தாமிரபரணி கரை மீறி வந்து மெக்கானிக் அண்ணனின் பட்டறையை வழித்துக்கொண்டு போனது. ஜனவரிக் கூட்டத்துக்கான பாட்டை நாங்கள் நவம்பரிலேயே முடிவு செய்திருந்தோம். புறநானூறு 192, கணியன் பூங்குன்றனார் பாட்டு. ‘யாதும் ஊரே யாவரும் கேளிர்.’ அதில் ஆறு வருகிறது, வெள்ளம் வருகிறது. மாற்றிவிடலாமா என்று அண்ணனிடம் கேட்டேன். “எதுக்கு? பட்டறைதான் போச்சு, நான் இருக்கேம்லா” என்றார்.

அந்தப் பாட்டின் முதல் வரியைத் தெரியாதவர் கிடையாது. வரவேற்பு வளைவில், சட்டையில், மேடைப் பேச்சில் எல்லாம் அது இருக்கிறது. மீதிப் பன்னிரண்டு வரியை வாசித்தவர்கள் குறைவு. எங்கள் ஆறு பேரில் சாரைத் தவிர யாரும் முழுதாக வாசித்ததில்லை. நான் உட்பட.

சொற்பொருள் பார்த்து முடித்ததும் அண்ணாச்சி கண்ணாடியைக் கழற்றினார். அவர் கழற்றினால் குறுக்கு விசாரணை என்று அர்த்தம்.

“ரெண்டாவது வரியில ‘தீதும் நன்றும் பிறர்தர வாரா’ங்காரு. அப்போ பொறுப்பு எம்மேல. ஒம்பதாவது வரிக்கு வந்தா, ஆத்துத் தண்ணியில போற புணை மாதிரி உயிரு முறைவழி போவுதுங்காரு. அப்போ பொறுப்பு ஆத்து மேல. ஒரே வாக்குமூலத்துல ரெண்டு பேச்சு. கோர்ட்டுல நிக்காது.”

சார் பழைய உரையைக் கொண்டுவந்தார். புறநானூற்றின் முதல் 266 பாட்டுக்குப் பழைய உரை உண்டு, இந்தப் பாட்டு அதற்குள் வந்துவிடுகிறது. அந்த உரை ‘முறை’ என்பதை ஊழ் என்று கொள்கிறது. “ஊழுன்னா வெளியில இருந்து எவனோ போடுறது இல்ல அண்ணாச்சி. நாம செஞ்ச வினை நமக்கே திரும்புறது. அப்போ ரெண்டு வரியும் ஒண்ணுதான் சொல்லுது.” அண்ணாச்சி விடவில்லை. “அந்த வினைய என்னச் செய்ய வச்சது எது? அதுக்கு முந்துன வினையா? அப்போ முதல் குற்றவாளி யாரு?” இப்படியே ஒரு மணி நேரம். எந்த ஊர்த் திண்ணையிலும் நடந்திருக்கக்கூடிய பேச்சுதான். ஆனால் யாரும் எழுந்து போகவில்லை. காரணம் எளிது. கோபம் வந்தால் ஒருவரையொருவர் பார்க்க வேண்டியதில்லை, தாளைப் பார்த்தால் போதும்.

தங்கச்சிக்கு வேறு வரியில் முள் குத்தியது. ‘நோதலும் தணிதலும் அவற்றோ ரன்ன.’ நோவதும் பிறர் தருவதில்லை, நோவு தணிவதும் பிறர் தருவதில்லை. “நோவு வாரது சரிக்கா. தணியறதும் பிறர் தர வாராதுன்னா நாங்க என்னத்துக்கு வார்டுல ராத்திரி முழுக்க நிக்கோம்?” புலவர் மேலேயே அவளுக்குக் கோபம். சார் சமாதானம் சொல்லப் போனார், நான் கையைக் காட்டி நிறுத்தினேன். அதை நான் செய்த உருப்படியான காரியங்களில் ஒன்றாகச் சொல்லுவேன். ஒருவருக்கு வரி உறுத்தும்போது உடனே மருந்து போடக் கூடாது, கொஞ்ச நேரம் உறுத்தட்டும். அரை மணி கழித்து அவளே சொன்னாள்: “ஒரே ஊசிதான் போடுதோம். ஒருத்தர் தூங்கிருவாரு. பக்கத்துக் கட்டில்ல இருக்கவரு விடியிற வரைக்கும் ஃபேனப் பாத்துக்கிட்டே கெடப்பாரு. நாங்க குடுக்கது மருந்து. தணியறது அவங்களுக்குள்ள என்னமோ.” அப்புறம், “ஆனாலும் எனக்கு இந்த வரி பிடிக்கல” என்றாள். அதையும் நோட்டில் எழுதிக்கொண்டேன்.

மெக்கானிக் அண்ணன் அதுவரை வாயே திறக்கவில்லை. காபி வந்து, குடித்து, டம்ளரைக் கீழே வைத்துவிட்டுக் கேட்டார். “புணைன்னா என்ன சார்?”

“தெப்பம். மிதவை.”

“கட்டுனதா? தானா மெதந்து வந்ததா?”

சார் யோசித்தார். “கட்டுனதுதான். கட்டாம ஏது தெப்பம்.”

“நான் அன்னைக்கு மாடியில நின்னு பாத்துக்கிட்டே இருந்தேன் சார். பட்டறை சாமான் அம்புட்டும் கண்ணு முன்னால போவுது. ஆயில் டின்னு உருண்டுக்கிட்டே போச்சு. பெஞ்சு ஒரு தூணுல முட்டி ரெண்டா ஒடைஞ்சுது. வாழைமரம் நாலச் சேத்துக் கட்டி ஒரு நாய ஏத்தி விட்டிருந்தாங்க யாரோ. அதுவும் ஆத்து இழுப்புலதான் போச்சு. ஆனா முழுசாப் போய்க் கரையில ஒதுங்குச்சு. ஆறு ஒண்ணுதான். கட்டுனதுக்கும் கட்டாததுக்கும் வித்தியாசம் இருக்குல்லா?”

மாடியில் கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. கீழே எங்கோ ஒரு பிரஷர் குக்கர் விசிலடித்தது ஞாபகம் இருக்கிறது.

அண்ணாச்சிதான் முதலில் பேசினார். “அப்போ கட்டுறது எம் பொறுப்பு. போற வழி ஆத்துப் பொறுப்பு. ரெண்டு வரியும் நிக்குமே!” எங்களுக்கெல்லாம் ஒரே பூரிப்பு. சார் மட்டும் தலையை ஆட்டிக்கொண்டிருந்தார். “பேச்சு நல்லாருக்கு. ஆனா புலவர் புணை கட்டுனதப் பத்திப் பேசல. நீர்வழிப் படும், முறைவழிப் படும், அம்புட்டுத்தான் சொல்லுதாரு. உங்க அனுபவத்த பாட்டு மேல ஏத்தாதீங்க. பக்கத்துல வச்சுக்கோங்க.”

அன்றிலிருந்து என் கூட்ட நோட்டில் பக்கத்தை நடுவில் கோடு போட்டுப் பிரிக்கிறேன். இடப்பக்கம் பாட்டில் இருப்பது. வலப்பக்கம் பாட்டால் நமக்குத் தோன்றியது. எளிய வேலைதான், ஆனால் நாங்கள் போட்ட சண்டைகளில் பாதி, வலப்பக்கத்தில் எழுத வேண்டியதை இடப்பக்கம் எழுதியதால் வந்தது என்பது பழைய நோட்டைப் புரட்டினால் தெரிகிறது. மெக்கானிக் அண்ணனின் வாழைத்தெப்பம் வலப்பக்கத்தில் இருக்கிறது. அதனால் அதன் மதிப்பு ஒன்றும் குறைந்துவிடவில்லை. இன்றைக்கும் அந்தப் பாட்டை நினைத்தால் எனக்கு முதலில் அந்த நாய்தான் ஞாபகம் வருகிறது.

பிறகு கடைசி மூன்று வரி. ‘காட்சியின் தெளிந்தனம் ஆகலின் மாட்சியின் பெரியோரை வியத்தலும் இலமே, சிறியோரை இகழ்தல் அதனினும் இலமே.’ அந்த ‘ஆகலின்’ என்ற ஒரு சொல்லுக்கே முக்கால் மணி நேரம் ஆனது. உயிர் ஆற்றில் போகும் புணை, *ஆகவே* பெரியோரை வியக்க மாட்டோம். அது எப்படி ‘ஆகவே’ ஆகும்? ஒருவர் உயர்ந்த இடத்துக்கு வந்ததில் ஆற்றின் பங்கும் இருக்கிறது, தாழ்ந்து கிடப்பதிலும் இருக்கிறது என்று மெல்ல மெல்ல வந்து சேர்ந்தோம். ‘அதனினும் இலமே’ என்பதைத் தம்பிதான் பிடித்தான். வியப்பதை விட இகழ்வது இன்னும் கூடாது, இரண்டும் சமமில்லை, புலவர் ஒரு பக்கம் தராசைத் தாழ்த்துகிறார் என்றான். எல்லோரும் அவனைத் திரும்பிப் பார்த்தோம். கூட்டம் கலையும்போது மணி 8.

அடுத்த மாதம், அதே மாடியில், அந்தக் கடைசி வரியை நான் மீறினேன்.

பிப்ரவரிக்குத் திருக்குறளின் 42ஆம் அதிகாரம், கேள்வி. கேட்பதைப் பற்றிய பத்துக் குறள். நடந்ததை வைத்துப் பார்த்தால் யாரோ வேண்டுமென்றே அமைத்த மாதிரி இருக்கிறது. 414ஆம் குறளுக்கு வந்தோம்.

‘கற்றில னாயினுங் கேட்க அஃதொருவற்கு
ஒற்கத்தின் ஊற்றாந் துணை.’

தம்பி உற்சாகமாக ஆரம்பித்தான். கற்காவிட்டாலும் கேள், அது வறண்டுபோன நேரத்தில் ஊற்றுத் தண்ணீர் மாதிரி உதவும் என்றான். நான் குறுக்கே விழுந்தேன். “அது தண்ணி ஊத்து இல்ல தம்பி, ஊன்றுகோல். பரிமேலழகர் உரை இருக்கு. அடுத்த குறள்லயே ‘ஊற்றுக்கோல்’னு வருதே. பரீட்சைக்குப் படிக்கிறவங்க இதக்கூடப் பாக்காம என்னத்தப் படிக்கீங்க?” எல்லோரும் சிரித்தார்கள். கெட்ட சிரிப்பு இல்லை, சும்மா சிரித்ததுதான். தம்பியும் சிரித்தான். அதற்கப்புறம் அன்று ஒரு வார்த்தை பேசவில்லை. மார்ச்சில் வரவில்லை. ஏப்ரலில் வரவில்லை. மே மாதமும் இல்லை.

நான் சொன்ன பொருள் சரிதான். வழுக்குகிற இடத்தில் ஊற்றுக்கோல் உதவுவது போல ஒழுக்கமுடையார் வாய்ச்சொல் உதவும் என்று 415ஆம் குறள் சொல்லும்போது சந்தேகத்துக்கே இடமில்லை. ஆனால் சார் மார்ச் மாதம் ஒன்று சொன்னார், அது இன்னும் எனக்கு உறைக்கிறது. “அந்தப் பையனுக்கு ஊத்து எங்கிருந்து வந்துச்சுன்னு கேட்டியா? ‘தொட்டனைத் தூறும் மணற்கேணி’ன்னு 396ல வள்ளுவரே படிப்ப ஊத்தோட சேத்துதான வச்சிருக்காரு. அவன் காதுல அது கெடந்திருக்கும். ரெண்டு அதிகாரம் முந்தி படிச்சவனுக்குத்தான் அந்தத் தப்பு வரும், தாயி. ஒண்ணும் படிக்காதவனுக்கு வராது.”

நான் அன்று “எங்கிருந்துப்பா அந்த அர்த்தம் வந்துச்சு?” என்று ஒரு கேள்வி கேட்டிருந்தால், பேச்சு கல்வி அதிகாரத்துக்குப் போயிருக்கும். கற்கும்போது ஊற்றாக இருப்பது, கற்க முடியாதவனுக்கு ஏன் கோலாக மாறுகிறது என்று ஒரு சாயங்காலம் முழுக்கப் பேசியிருக்கலாம். அந்தச் சாயங்காலத்தை நான் ஒரு நக்கலுக்கு விற்றுவிட்டேன். இப்போது எங்கள் கூட்டத்தில் யார் எவ்வளவு தப்பான பொருள் சொன்னாலும் முதல் கேள்வி “எங்கிருந்து வந்துச்சு?” என்பதுதான். சும்மா வாய்க்கு வந்ததாகவும் இருக்கும், அதுவும் உண்டு. ஆனால் ஐந்தில் இரண்டு முறையாவது அந்தத் தப்பு வந்த பாதை சரியான பதிலைவிடச் சுவாரசியமாக இருக்கிறது.

தம்பி இல்லாத அந்த மூன்று மாதத்தில்தான் பிளேட்டோவுக்குள் போனோம். யூத்திஃப்ரோ என்ற சிறிய உரையாடல். ஆங்கிலத்திலிருந்து முக்கியப் பகுதிகளை நான் தமிழில் நாலு பக்கமாக எழுதிக்கொண்டு வந்தேன். சாக்ரடீஸ் மேல் தெய்வ நிந்தனை வழக்கு, கி.மு. 399. விசாரணைக்கு வந்த இடத்தில் யூத்திஃப்ரோ என்பவனைப் பார்க்கிறார். அவனும் வழக்கு போடத்தான் வந்திருக்கிறான், தன் அப்பா மேலேயே. அவர்கள் வீட்டுக் கூலியாள் ஒருவன் குடிவெறியில் அடிமை ஒருவனைக் கொன்றுவிட, அப்பா அந்தக் கூலியாளைக் கைகால் கட்டிப் பள்ளத்தில் போட்டுவிட்டு, என்ன செய்யலாம் என்று விசாரித்து வர ஆள் அனுப்புகிறார். ஆள் திரும்பி வருவதற்குள் பசியிலும் குளிரிலும் அவன் செத்துப்போகிறான். அப்பன் மேல் வழக்கு போடுவதுதான் தெய்வத்துக்கு உகந்தது என்கிறான் யூத்திஃப்ரோ. சரி, தெய்வத்துக்கு உகந்தது என்றால் என்ன என்று சாக்ரடீஸ் பிடித்துக்கொள்கிறார்.

எங்களுக்கு முதல் தடங்கலே அந்தச் சொல்தான். பக்தி என்று போட்டால் கோவிலில் கண்ணீர் விடுவது மாதிரி ஆகிவிடுகிறது. புண்ணியம் என்றால் கணக்கு வந்துவிடுகிறது. அறம் என்றால் சாமியே காணாமல் போய்விடுகிறது. முக்கால் மணி நேரம் சொல் தேடினோம். சுவரோரத்திலிருந்து ஆச்சி கீரையை ஆய்ந்துகொண்டே சொன்னார்கள்: “சாமிக்கு ஆகாதுன்னு சொல்லுவோம்லா, அதானட்டி?”

அதேதான்! ஆகும், ஆகாது. சுடலைமாடன் கோவில் கொடைவிழாவில் வளர்ந்த ஊர்க்காரர்களுக்கு அந்தச் சொல்லை விளக்க வேண்டியதே இல்லை. சாக்ரடீஸின் கேள்வி அப்படியே திருநெல்வேலிக்கு வந்து சேர்ந்தது: சாமிக்கு ஆகாது என்பதால் அது தப்பா, தப்பு என்பதால் சாமிக்கு ஆகாதா? ஆச்சி கீரையைக் கீழே வைத்துவிட்டார்கள். “ரெண்டாவதுதான்” என்றார்கள். கொஞ்சம் கழித்து, “இல்ல, பொறு. தீட்டுன்னு சொல்லி எங்கள உள்ள விட மாட்டாகள்லா, அது மொதலாவதாட்டு இருக்கே” என்றார்கள். விளங்காது விளங்காது என்று ஒரு வருஷம் சொல்லிக்கொண்டிருந்தவர்கள். அடுத்த மாதத்திலிருந்து ஆச்சிக்கும் தாள் அச்செடுத்தேன். பிறமொழித் தத்துவத்தை எடுக்கிறவர்களுக்கு என் அனுபவத்தில் ஒன்று சொல்ல முடியும். கலைச்சொல் அகராதியை மூடிவைத்துவிட்டு, அந்தக் கேள்வி உங்கள் வீட்டில் எந்த வாக்கியமாக வரும் என்று தேடுங்கள். அது கிடைக்கும்வரை பேச்சைத் தொடங்காதீர்கள்.

அந்தக் கூட்டத்தில்தான் சாருக்கும் அண்ணாச்சிக்கும் நிஜமாகவே முட்டிக்கொண்டது. செத்தது கூலியாள் என்றாலும் அப்பன் மேலேயே வழக்கு போடுகிறானே, அவன்தான் ஆம்பளை என்றார் அண்ணாச்சி. பெற்ற அப்பனைக் கோர்ட்டுக்கு இழுக்கிறவனுக்கு என்ன அறம் என்றார் சார். குரல் ஏறியது. சாரே ஒரு கட்டத்தில் நிறுத்திவிட்டு, சிவஞான சித்தியார் என்ற சைவ சித்தாந்த நூலைப் பற்றிச் சொன்னார். அருணந்தி சிவாச்சாரியார் தன் சைவத்தைச் சொல்லும் சுபக்கத்துக்கு முன்னால் பரபக்கம் என்று ஒரு பெரும் பகுதியே வைத்திருக்கிறார். உலகாயதம், பௌத்தத்தின் நாலு பிரிவு, சமணம், மாயாவாதம் என்று 14 கட்சிகள். ஒவ்வொன்றையும் முதலில் அவர்கள் சொல்கிறபடி எடுத்து வைத்துவிட்டு, அப்புறம்தான் மறுப்பு. “நான் அண்ணாச்சி கட்சிய ஒருக்கா சொல்லுதேன். சரியான்னு அவரு சொல்லட்டும்” என்றார் சார். மூன்று முறை சொல்ல வேண்டியிருந்தது. முதல் இரண்டு முறை அண்ணாச்சி, “நான் அப்படிச் சொல்லல” என்றார். மூன்றாவது முறை, “ஆமா, அதான்” என்றார். அதற்குள் சாருடைய சூடே தணிந்துவிட்டது. இருவரும் கடைசிவரை உடன்படவில்லை. யூத்திஃப்ரோவிலும் முடிவு கிடையாது, சொன்ன விளக்கம் ஒவ்வொன்றும் கவிழ்ந்த பிறகு, அவசர வேலை இருக்கிறது என்று அவன் கிளம்பிவிடுகிறான். எங்கள் முதல் கூட்டத்தில் பைக்கில் போனவரை நினைத்துக்கொண்டேன்.

இந்த விதி பார்க்க எளிது, செய்வது கஷ்டம். எதிராளியின் பேச்சை அவர் ஒப்புக்கொள்ளும்படி திருப்பிச் சொல்ல வேண்டுமானால், அவர் பேசும்போது நாம் பதில் தயாரித்துக்கொண்டிருக்க முடியாது. எனக்கு இன்னமும் சரியாக வரவில்லை.

ஜூன் மாதம் ஒருநாள் வேலை முடிந்து, தம்பி படிக்கிற நூலகத்து மரத்தடிக்குப் போனேன். போட்டித் தேர்வுக்குப் படிக்கிற பிள்ளைகள் அங்கே கூட்டமாக உட்கார்ந்திருப்பார்கள். டீ வாங்கிக் கொடுத்து, மன்னிச்சிருப்பா என்றேன். “நீங்க தப்புன்னு சொன்னது ஒண்ணுமில்லக்கா. எல்லாரும் சிரிச்சாங்கள்லா, அதான்” என்றான். கூடவே இன்னொன்றும் சொன்னான். தன்னோடு படிக்கிற நாலு பேருக்குத் திருக்குறள் பகுதியை அவன்தான் நடத்துகிறானாம். 414 வந்தபோது கோலையும் சொல்லி, தனக்கு ஊற்று ஏன் தோன்றியது என்பதையும் சொல்லியிருக்கிறான். “சொல்லும்போதுதாங்க்கா எனக்கே வெளங்குச்சு, ‘கற்றில னாயினும்’னு ஆரம்பிக்கிறவருக்குக் கேணி தோண்டச் சொல்ல முடியாதுல்லா? அதான் கோலு.”

சாரிடம் வந்து சொன்னேன். அவர் நன்னூலை எடுத்தார். ஆசிரியர் சொன்னதை எவ்வளவு நன்றாக வாங்கிக்கொண்டாலும் ‘காற்கூறு அல்லது பற்றலன் ஆகும்’ என்கிறார் பவணந்தி முனிவர். கால் பங்குதான் வரும். உடன் படிக்கிறவர்களோடு பழகி இன்னொரு கால். பிறருக்கு எடுத்துச் சொல்லும்போதுதான் மீதி அரை. “நம்ம மாடியில கெடைக்கிறது அந்த ரெண்டாவது காலுதான். பய மீதி அரைக்குப் போயிட்டான்” என்றார். அதன்பிறகு யார் அடுத்த பாடத்தை நடத்துவது என்று முறை வைத்தோம். தெரிந்தவர் நடத்தக் கூடாது, அந்தப் பாடம் யாருக்குப் புதிதோ அவர்தான் நடத்த வேண்டும். ஒரு மாதம் மெக்கானிக் அண்ணன் நடத்தினார், தயாரிப்பதற்காகப் பட்டறையை அரை நாள் மூடினாராம். என் பங்குக்கு வந்த மாதம் சொதப்பல். அதைப் பற்றி எழுதப் போவதில்லை.

ஜூலையில் தம்பியின் முறை. மணிமேகலையிலிருந்து முதல் காதையை எடுத்தான். புகார் நகரத்தில் 28 நாள் இந்திர விழா நடக்கப்போகிறது. முரசறைகிறவன் யானைப் பிடரியில் முரசை ஏற்றிக்கொண்டு வந்து, ஊருக்கு என்னென்ன செய்ய வேண்டும் என்று அறிவிக்கிறான். தோரணம் கட்டுங்கள், பழைய மணலை மாற்றிப் புதுமணல் பரப்புங்கள் என்றெல்லாம் சொல்லிவிட்டு, வாதம் செய்கிறவர்களுக்கும் ஒரு சேதி சொல்கிறான். தம்பி எழுந்து நின்று, பள்ளிக்கூடப் பிள்ளை மாதிரி நிமிர்ந்து வாசித்தான்.

‘ஒட்டிய சமயத் துறுபொருள் வாதிகள்
பட்டிமண் டபத்துப் பாங்கறிந் தேறுமின்
பற்றா மாக்கள் தம்முட னாயினும்
செற்றமும் கலாமும் செய்யா தகலுமின்.’

பிடிக்காதவர்களோடு இருந்தாலும் கோபமும் சண்டையும் வேண்டாம், விலகிப் போங்கள் என்கிற அந்தக் கடைசி வரியில் மூச்சு வாங்குகிற இடம் வந்தது. நிறுத்தினான். தாளிலிருந்து தலையைத் தூக்கி என்னைப் பார்த்தான்.

நான் சுக்குக் காபி எடுத்து வருகிறேன் என்று கீழே இறங்கினேன். ஆச்சி சிரிக்கிற சத்தம் அடுப்படி வரைக்கும் கேட்டது.